சாயப்பட்டறை உப்பும் ஒரு ஜாடிக் கடலும்

திருப்பூர் மண்ணரையில் எங்கள் வீட்டு அடுப்புமேடையில், அரிசி டப்பாவுக்கும் புளி ஜாடிக்கும் நடுவே, ஒரு கண்ணாடி ஜாடி இருந்தது. முன்பு எலுமிச்சை ஊறுகாய் போட்டு வைத்திருந்த ஜாடி. எத்தனை முறை கழுவினாலும் மூடியில் அந்த வாசனை போகவில்லை என்று மூடியைத் தூக்கி எறிந்துவிட்டு, வாய்க்கு ஒரு வெள்ளைப் பனியன் துணியைக் கட்டியிருந்தாள் மதினி. உள்ளே முக்கால் பங்கு கடல்நீர். அடியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு சிப்பி ஓடு. கண்ணை ஜாடியோடு ஒட்டி வைத்துப் பார்த்தால், அந்த ஓட்டின் மேல் வெள்ளையாகச் சில முளைகள் தெரியும். ஒவ்வொன்றும் அரிசிக் குறுணையில் பாதி இருக்கலாம், தலையில் மயிர்போல நாலைந்து இழைகள். அவ்வளவுதான். அதை மதினி தன் படிப்பு என்றாள். அம்மா சனியன் என்றாள். நான் இருவர் பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தேன், எனக்குச் சோறு போட்டவர்கள் இருவரும்தான் என்பதால்.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி. திருப்பூர்க்காரர்கள் நங்கை என்பார்கள். நாங்கள் தெற்கேயிருந்து வந்தவர்கள், எங்களுக்கு மதினிதான். மன்னார் வளைகுடாக் கரையில் ஒரு மீனவ ஊர் எங்களுடையது. அப்பா காலமானதும் அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு திருப்பூருக்கு பஸ் ஏறினாள். பஸ்ஸில் உட்கார்ந்தபோதே, இனி கடல் இருக்கிற திசையில் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டேன் என்று சொன்னதாக அண்ணன் சொல்வான். இங்கே வந்து ஒரு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலையில் சேர்ந்தாள். தைத்து முடித்த பீஸில் தொங்கும் நூல்களைத் தேடித்தேடிக் கத்தரிக்கிற வேலை. அண்ணன் படித்து முடித்து ஒரு சாயப்பட்டறையில் சூப்பர்வைசர் ஆனான். கடலே வேண்டாம் என்று வந்தவளுக்கு, கடலையே படித்த ஒரு மருமகள் வாய்த்தாள். பெண் பார்க்கப் போன அன்று, கடல் உயிரியலில் ஆராய்ச்சி செய்கிறாள் என்று சொன்னார்கள். ஏதோ டீச்சர் வேலைக்கான படிப்பு என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

மதினி ஆராய்ச்சி செய்தது சொறியைப் பற்றி. சொறி என்பது எங்கள் கரைப் பேச்சு. புத்தகத்தில் ஜெல்லிமீன் என்று போட்டிருக்கும். குடைபோல விரிந்து சுருங்கி மிதப்பது. உடம்பில் பட்டால் தோல் தடித்து எரியும், சில வகை பட்டால் மூச்சே முட்டும். மீன்போல முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மதினி சிரித்துவிட்டாள். கடலில் மிதக்கிற சொறியின் கருவிலிருந்து வருவது சொறியாக வளர்வதில்லையாம். அது நீந்திப்போய்ப் பாறை, ஓடு, பாலத்தூண் என்று கெட்டியாக எது கிடைத்தாலும் ஒட்டிக்கொண்டு, ஒரு சின்னஞ்சிறு செடிமாதிரி ஆகிவிடுகிறது. அதற்குப் பெயர் பாலிப்பு. அதற்கு எந்த அவசரமும் கிடையாது. மாதக்கணக்கில், சமயத்தில் வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். பக்கத்தில் தன்னைப்போலவே இன்னொன்றை முளைக்கவிடும். காலம் சரியில்லை என்றால் காலடியில் மூடி போட்ட ஒரு பழுப்புப் பொட்டை விட்டுவைக்கும். தான் செத்தாலும் பிறகு அந்தப் பொட்டிலிருந்து புதிதாக ஒன்று வரலாம். ஆனால் தண்ணீரின் சூடோ உப்போ மாறி ஏதோ ஒன்று பிடிபட்டுவிட்டால், உடம்பு வளையம் வளையமாகப் பிரிந்து, கவிழ்த்து அடுக்கிய சாஸர்களைப்போல ஆகி, மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று நீந்திப் போகும். அதுதான் வளர்ந்து சொறியாகிறது. அந்த ஏதோ ஒன்று என்ன என்பதைக் கண்டுபிடிப்பதுதான் மதினியின் வேலை.

அதை அவள் எனக்குக் காட்டியது பிக் கிளாஸில். துணியில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண்ணி விழுந்திருக்கிறது என்று எண்ணுவதற்காகக் கம்பெனிகளில் வைத்திருக்கும் மடக்குப் பூதக்கண்ணாடி அது. கல்யாணமாகி வந்த கொஞ்ச நாளிலேயே மதினி ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பகலெல்லாம் அந்தக் கண்ணாடியில் பனியன் துணியைப் பார்ப்பாள். சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து இறங்கி, கைகால் கழுவி, அதே கண்ணாடியில் ஜாடியைப் பார்ப்பாள். "ஏட்டி, இங்க வா, இன்னைக்கு மூணாவது ஆளு கைய விரிச்சிருக்கான்" என்று என்னைக் கூப்பிடுவாள். நானும் போய்ப் பார்ப்பேன். எல்லா ஆளும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள்.

அவளுடைய அப்பா இன்னமும் கடலுக்குப் போகிறவர். படிக்க அனுப்பும்போது அவர் மகளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்: "எப்ப வரும்னு மட்டும் படிச்சுச் சொல்லு, போதும்." முன்பெல்லாம் சொறிக்கு ஒரு காலம் உண்டு என்றும், அந்தக் காலத்துக் காற்று அடிக்கும்போது வலையை உள்ளே வைத்துவிடுவோம் என்றும் அவர் சொல்வார். இப்போது நினைத்த மாதத்தில் வருகிறது. மீனுக்குப் போட்ட வலையில் கொழகொழவென்று சொறியே நிறைந்து, இழுத்தால் பாரம் தாங்காமல் வலை கிழிகிறது. கரையோரம் எழுகிற புதுச் சுவர்களும் தூண்களும் பாலிப்பு ஒட்டிக்கொள்ள இடம் கொடுக்கின்றன, தண்ணீர் சூடாகிறது, அதற்குப் போட்டியாக இரை தின்னும் மீன்கள் குறைந்துவிட்டன என்று மதினி காரணங்களை அடுக்குவாள். அடுத்த மூச்சிலேயே அதை நிறுத்தி, "ஆனா கூடிட்டுன்னு எல்லாரும் சொல்லுதாங்களே, முன்னால எவ்வளவு இருந்துச்சுன்னு யாரு எண்ணி வச்சா?" என்பாள். பாதிப் பேச்சில் தன்னையே இப்படி மறுத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு எரிச்சலாக இருக்கும். சரி, கூடியிருக்கிறதா இல்லையா என்று கேட்டால், "தெரியல" என்பாள். அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமே இருந்ததில்லை.

கல்யாணத்தின்போது பேச்சு என்னவென்றால், பல்கலைக்கழகத்தில் கொஞ்ச காலம் விடுப்பு வாங்கிக்கொண்டு இங்கே இருந்துவிட்டு, பிறகு போய் ஆராய்ச்சியை முடிப்பது. ஆராய்ச்சிக் கூடத்தில் அவள் வளர்த்த பாலிப்புகள் ஒரு மின்வெட்டில் செத்துப்போயின. மிச்சம் இருந்தது அவள் ஊர்ப் பழைய படகுத்துறையின் தூணிலிருந்து எடுத்துக் கையோடு கொண்டுவந்த அந்தச் சிப்பி ஓடு மட்டும். அந்தத் துறையையும் பிறகு இடித்துவிட்டு அலைத்தடுப்புச் சுவர் கட்டிவிட்டார்கள். ஆக, அந்தத் தூணின் பாலிப்புகள் உலகத்திலேயே எங்கள் அடுப்புமேடையில்தான் இருந்தன. அது உயிரோடு இருக்கிறவரை நீ திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடங்கலாம், இல்லாவிட்டால் எல்லாம் முதலிலிருந்து, அதற்குக் காலக்கெடு இடம் தராது என்று அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் சொல்லியிருந்தார். ஜாடி செத்தால் படிப்பும் செத்தது. எங்கள் வீட்டில் இது எல்லோருக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

கடலில்லாத ஊரில் கடல்நீருக்கு எங்கே போவது என்று கேட்கலாம். திருப்பூரில் துணிக்குச் சாயம் ஏற உப்பு வேண்டும், மூட்டை மூட்டையாக. அந்த உப்பு தூத்துக்குடிப் பக்கத்து உப்பளங்களிலிருந்து லாரியில் வருகிறது. அண்ணனின் பட்டறைக்கு வரும் லாரி டிரைவர் எங்கள் பக்கத்து ஆள். வரும்போதெல்லாம் சீட்டுக்கு அடியில் ஒரு நீலக் கேனில் கடல்நீர் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார். அதைச் சாக்காக வைத்துக்கொண்டு அம்மா கையால் மீன்குழம்பு சாப்பிடாமல் கிளம்ப மாட்டார். பாலிப்புக்குத் தீனி, வண்ணமீன் கடையில் விற்கிற பொடிப் பூச்சியின் முட்டை. அதை உப்புநீரில் பொரிக்க வைத்துச் சொட்டு மருந்துக் குழாயால் ஊட்டுவாள் மதினி. வாடகை வாங்க வந்த வீட்டுக்கார அம்மா ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, கடல்ல கெடக்கறதக் கொண்டாந்து ஊட்டுக்குள்ள அடைச்சு வெச்சிருக்கறீங்களே, பாவம் இல்லீங்களா?" என்று கேட்டார். அம்மா உடனே, "எங்களயும் அப்படித்தாங்க கொண்டாந்து வச்சிருக்கு" என்றாள். வீட்டுக்கார அம்மா சிரித்துக்கொண்டே போனார். மருமகளுக்காக அம்மா பேசியது எனக்குத் தெரிந்து அதுதான் முதல்முறை.

அந்த வருடம் தெற்கே ஐப்பசி மழை விடாமல் கொட்டியது. உப்பளங்கள் முழுகின. லாரி வரவில்லை. கேனில் இருந்த தண்ணீர் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. மதினி தண்ணீர் மாற்றுவதைத் தள்ளித் தள்ளிப் போட்டாள். ஜாடி மங்கலாகி ஒரு வாடை வர ஆரம்பித்தது. அவள் முகம் போகிற போக்கை அண்ணனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒருநாள் அவள் ஓவர்டைமில் இருந்தபோது, பட்டறையிலிருந்து ஒரு பொட்டலம் உப்பு கொண்டுவந்தான். அண்ணன் எதையும் குத்துமதிப்பாகச் செய்கிறவன் இல்லை. கடல்நீரில் லிட்டருக்கு எத்தனை கிராம் உப்பு என்று மதினி எப்போதோ சொன்னதை நினைவில் வைத்திருந்து, சாயத்தொட்டிக்குக் கணக்குப் போடுவதைப்போலவே கணக்குப் போட்டு, தராசில் நிறுத்து, குடிநீரில் கரைத்து, வடிகட்டி, பழைய தண்ணீரைக் கேனில் எடுத்து வைத்துவிட்டுப் புதியதை ஜாடியில் ஊற்றினான். தண்ணீர் பளிச்சென்று ஆகிவிட்டது. அவன் முகத்தில் அன்று இருந்த சந்தோஷத்தை நான் மறக்கவில்லை.

அவன் கொண்டுவந்தது கிளாபர் உப்பு, கடல் உப்பே இல்லை, வேறொரு ரசாயனம். கடல் உப்பு வராத நாட்களில் பட்டறையில் அதைத்தான் போடுவார்கள். சாயத்தொட்டிக்குள் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்யும்; பார்க்கவும் இரண்டும் வெள்ளை. மதினி வந்து பார்த்தபோது முளைகள் எல்லாம் சுருண்டு சளிபோலத் தொங்கிக்கொண்டிருந்தன. ஓட்டை எடுத்துப் பழைய தண்ணீரில் போட்டுப் பார்த்தாள். மறுநாள் ஓட்டின் மேல் ஒன்றுமே இல்லை. "உப்பு உப்புதானேன்னு நெனச்சேன்" என்று அண்ணன் திரும்பத் திரும்பச் சொன்னான். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தோம். "உங்க தொட்டியில ரெண்டும் ஒண்ணுதான். நீங்க சரியாத்தான் அளந்திருக்கீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு வேனுக்குப் போய்விட்டாள். அன்றைக்கு எனக்கு அண்ணன்மேல்தான் ஆத்திரமாக வந்தது. இரண்டு நாளில் அதுவும் போய், அவனைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

அதற்குப் பிறகு மதினி ஜாடியைப் பார்க்கவே இல்லை. பிக் கிளாஸைக் கம்பெனியிலேயே வைத்துவிட்டு வந்தாள். பேராசிரியருக்கு போன் செய்து, இனி வரவில்லை என்று சொல்லிவிட்டதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகும் வழியில் என்னிடம் சொன்னாள். குரலில் ஒன்றும் இல்லை. வேலைக்கு லீவு சொல்வதுபோல இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் அண்ணன் மட்டும் விடவில்லை. மழை நின்று லாரி வர ஆரம்பித்ததும் கேன் கேனாகக் கடல்நீர் வாங்கி வந்து, வாரா வாரம் அந்த வெறும் ஓட்டுக்குத் தண்ணீர் மாற்றினான். பூச்சி முட்டையையும் பொரிக்க வைத்து ஊற்றினான். செத்த ஜாடிக்கு என்னத்துக்குடா தீனி என்று அம்மா கேட்டாலும் ஊற்றிக்கொண்டே இருப்பான். அவனுக்கும் நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் செய்தான் என்றுதான் நினைக்கிறேன்.

நாற்பது நாள் நோன்பான தபசு காலம் முடிகிற சமயம். ஈஸ்டருக்கு வீடு கழுவும்போது அம்மா ஜாடியைக் காலி செய்துவிடுவது என்று முடிவெடுத்தாள். ஊறுகாய்க்கு ஆகும் என்று கணக்கு. கையை விட்டு ஓட்டை எடுத்தவள், தேங்காய்நாரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். ஜன்னல் வெளிச்சத்தில் ஓட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். துணியில் நூல் தேடும்போது தலையை எப்படிச் சாய்ப்பாளோ அப்படி. "ஏட்டி, இதுல பிசிறு தெரியுது" என்றாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "உனக்கு எப்படித் தெரியும், எத்தன வருசம் பிசிறு வெட்டுன கண்ணு இது" என்று சொல்லிக்கொண்டே ஓட்டைத் திரும்பத் தண்ணீரில் போட்டு, நாரைத் தூர எறிந்தாள். பிறகு மதினியை அழைத்து வரச்சொல்லி என்னை விரட்டினாள்.

மதினி ஈரக்கையோடு வந்து நின்று பார்த்தாள். ஓட்டின் குழிவில் கடுகைவிடச் சிறிய பழுப்புப் பொட்டுகள் இருந்தன; அவற்றில் மூன்றின் உச்சியில் வெள்ளையாக இழை நீட்டிக்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் தீனி குறைந்தபோதே அவை பொட்டுப் போட்டு வைத்திருக்க வேண்டும், உப்பு மாறியதில் மேலே இருந்தது மட்டும் செத்திருக்கிறது என்று பிறகு விளக்கினாள். அப்போது விளக்கவில்லை. அடுப்புமேடையில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள், சத்தமாக, இத்தனை மாதமும் அழாததையெல்லாம் சேர்த்து. அம்மா அவள் முதுகைத் தடவியபடி, "அழாத, அழாத, உன் கண்ணீர் உப்பு வேற உள்ள விழுந்துரப் போவுது" என்றாள். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

சிமெண்ட் அட்டைக் கூரை வீட்டில் சித்திரை மாதம் எப்படி இருக்கும் என்று குடியிருந்தவர்களுக்குத் தெரியும். ஜாடித் தண்ணீர் கைக்கு வெதுவெதுப்பாகத் தெரிகிற பதத்துக்கு ஏறியது. நிழலுக்கு மாற்றட்டுமா என்று அண்ணன் பதறினான். வேண்டாம், இருக்கட்டும் என்று தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டாள் மதினி. கோடை மழை ஒன்று பெய்து வெக்கை தணிந்த சில நாளில், ஒரு மத்தியானம், சோறு வடித்துக்கொண்டிருந்த அம்மாதான் முதலில் பார்த்தாள். ஓட்டின் மேல் முளைகள் வளையம் வளையமாகப் பிரிந்திருந்தன. தண்ணீரில், சட்டைப் பொத்தானின் துளை அளவுகூட இல்லாத நட்சத்திரங்கள், எட்டுக் கை விரித்து, சுருங்கி, விரித்து, எழும்பிக்கொண்டிருந்தன. கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில், நொய்யல் ஆற்றின் கரையில், சொறி பிறந்திருந்தது. கொஞ்ச நாளில் அவை செத்துவிட்டன, அலையில்லாத ஜாடியில் அவற்றை வளர்க்க முடியாது. ஆனால் மதினிக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. சூடு ஏறியபோது எதுவும் நடக்கவில்லை. ஏறிய சூடு சட்டென்று இறங்கியபோதுதான் நடந்திருக்கிறது. ஒரு ஜாடியை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று வழக்கம்போல அடுத்த மூச்சில் மறுத்துக்கொண்டாள். கண் மட்டும் பளபளத்துக்கொண்டிருந்தது.

போவதா வேண்டாமா என்று இருவரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா தட்டில் சோறு போட்டுக்கொண்டே, "பாதியில விட்ட பீஸ யாரு எடுப்பா? போயி முடி" என்றாள். பேராசிரியர் திட்டிவிட்டுச் சேர்த்துக்கொண்டார். மதினி ஓட்டைக் கேனில் போட்டுக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, அண்ணனோடு பஸ் ஏறினாள். ஜாடியை எடுத்துப் போகவில்லை. சில பாலிப்புகள் ஓட்டை விட்டு நகர்ந்து கண்ணாடியிலேயே ஒட்டியிருந்தன, பிய்த்தால் கிழிந்துவிடும். "இதுக இங்கயே இருக்கட்டும் அத்த, அங்க உள்ளதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா இதாவது மிஞ்சும்" என்று சொல்லி, தண்ணீர் மாற்றும் முறையை அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

இதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. மதினி படிப்பை முடித்து இப்போது அங்கேயே கடற்கரை ஆய்வுக்கூடம் ஒன்றில் இருக்கிறாள். அண்ணனும் பின்னால் போய் ஓர் உப்பளக் கம்பெனியில் சேர்ந்துவிட்டான். எந்த உப்பு என்று பார்த்து அனுப்பு என்று நான் போனில் அவனைக் கேலி செய்யாத நாள் இல்லை. அவள் அப்பாவின் கேள்விக்கு முழுப் பதில் இன்னும் இல்லை. இன்ன தேதியில் வரும் என்று அவளால் சொல்ல முடியாது. வெக்கைக்குப் பின் மழை விழுந்து தண்ணீர் குளிர்ந்தால் சில வாரம் கவனமாக இருங்கள் என்கிற அளவுக்குத்தான் சொல்ல முடிகிறது. நானும் அம்மாவும் மண்ணரையில் அதே வீட்டில் இருக்கிறோம். கூரை மட்டும் கான்கிரீட் ஆகிவிட்டது. அம்மா வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். கடல் இருக்கிற திசையில் தலைவைக்க மாட்டேன் என்றவள், காலையில் எழுந்ததும் முதலில் கடலின் சூட்டைத்தான் பார்க்கிறாள், அது ஓர் ஊறுகாய் ஜாடியில் இருந்தாலும்.

போன வாரம் இங்கே இடியும் மழையுமாகப் பெய்தது. இன்று காலையில் நான் கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து அம்மா கூப்பிட்ட கூப்பாட்டில் சீப்பைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். ஜாடிக்குள் நட்சத்திரங்கள் துடித்துக்கொண்டிருந்தன. நான் வருவதற்குள் அம்மா மதினிக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் பேச ஆரம்பித்திருந்தாள்.

"ஏட்டி, கழண்டுட்டு. எல்லாம் கழண்டு துடிக்கு. உங்க அப்பாகிட்ட உடனே சொல்லு, வலைய உள்ள எடுத்து வைக்கட்டும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மண்ணரையில் பெய்த மழைக்கும் அங்கே உள்ள கடலுக்கும் என்ன சம்பந்தம் அம்மா என்று கேட்க வாயெடுத்தேன். எதையும் அடுத்த மூச்சில் மறுக்கிறவள், இதையும் மறுக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன்.

"சரி அத்த," என்றாள் மதினி. "இப்பவே அப்பாகிட்ட சொல்லிடுதேன்."

அம்மா போனை வைத்துவிட்டு ஜாடியின் வாயில் துணியைக் கட்டி, அரிசி டப்பாவுக்கும் புளி ஜாடிக்கும் நடுவே நகர்த்தி வைத்தாள்.